கயிறில்லாமல் நிற்கும் கண்ணாடி

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்பதும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் படுத்த பிறகு, கைப்பேசியின் வெளிச்சம் வெளியே தெரியாதபடி போர்வைக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ வளர்ந்து ஆளான பிறகுதான் இதை உன் கையில் கொடுப்பேன். நான் இப்போது எதற்குப் பயந்துகொண்டிருக்கிறேனோ அதற்கான விடை அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு விடிந்தால்தான் தெரியும். தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இந்த ஒரு வாரத்தில் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசல் கம்பிக் கதவில் ஒரு கயிறு தொங்குகிறது. இன்று மாலை பள்ளியிலிருந்து வந்தபோது அதைப் பார்த்தேன். அது அப்பாவின் கயிறு. அப்பா சங்கு குளிப்பவர். திரேஸ்புரம் கரையிலிருந்து வள்ளத்தில் போய், கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கடலடியில் சங்கு பொறுக்குவார். மூச்சு குழாய் வழியாக வந்தாலும் இடுப்பில் கயிறு கட்டாமல் அவர் இறங்குவதில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனை என் மாமாவின் கையில் இருக்கும். மாமா அம்மாவுக்கு அண்ணன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம்: குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூலிக்குப் பிடிப்பவன் கண்ணயரலாம், தங்கச்சியின் தாலியைக் கையில் வைத்திருப்பவன் அயரமாட்டான் என்பார்கள். கரை வந்ததும் பிடித்தவரே கயிற்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மறுநாள் வள்ளத்துக்குக் கொண்டுவருவார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கயிறு ஓர் இரவுகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை.

அம்மா அதைத் தொடவில்லை. தூரத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்தத் திருப்பிக் குடுத்துட்டாக" என்றாள்.

அப்பா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். "காயப் போட்டிருப்பாவ. அவுக வீட்டுக் கொடி அறுந்திருக்கும்."

"அவுக வீட்டுக் கொடி அறுந்தா நம்ம வாசல்லயா காயப் போடுவாக?"

அப்பா சிரித்தார், ஆனால் கயிற்றை எடுத்து உள்ளே வைக்கவில்லை. "காத்து விழுந்துட்டு. விடியக்காலம் தண்ணி தெளிவா இருக்கும். மச்சான் வந்துருவாவ. வரலன்னா கரையில நிக்குத எவனையாவது கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

இது இப்படி ஆனதற்குக் காரணம் நான். என் வாயும், நிலவைத் தாண்டி வெகுதூரத்தில் நிற்கும் ஒரு கண்ணாடியும்.

போன வாரம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நான் விண்வெளித் தொலைநோக்கியின் மாதிரி செய்திருந்தேன். அட்டையைப் பதினெட்டு அறுகோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் சாக்லேட் தாளை ஒட்டி, தேன்கூடு போலச் சேர்த்திருந்தேன். உண்மையான கண்ணாடியின் மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள். கீழே ஐந்து அடுக்கு நிழல் விரிப்பு. அதற்கு வெள்ளி நிறப் பொட்டலத் தாள். எல்லாவற்றையும் வகுப்பறைக் கூரையிலிருந்து தங்கூசியில் கட்டித் தொங்கவிட்டேன். தங்கூசி என்றால் அப்பா தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய நைலான் நூல். தள்ளி நின்று பார்த்தால் நூல் தெரியாது, கண்ணாடி சும்மா அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். அந்தத் தந்திரத்தை எண்ணி எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ நம்பமாட்டாய்.

வந்தவர்களில் பாதிப் பேர் கடல்காரர்கள். ஆகவே அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். காற்று என்பது கலங்கல் தண்ணீர் மாதிரி, நாம் அதன் அடியில் நின்றுகொண்டு மேலே பார்க்கிறோம், அதனால்தான் வெள்ளி எல்லாம் நடுங்குகிறது என்றேன். எங்கள் பக்கம் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கலங்கலைத் தாண்டி மேலே போய்விட்டால் தெளிவு. அப்படித்தான் பூமியைச் சுற்றும்படி ஒரு தொலைநோக்கியை முதலில் அனுப்பினார்கள். அதன் கண்ணாடியை இம்மியளவு தவறாகத் தேய்த்துவிட்டதால் படங்கள் மங்கலாக வந்தன. ஊரே சிரித்தது. பிறகு ஆட்கள் மேலே ஏறிப்போய், கண் மங்கியவருக்குக் கண்ணாடி மாட்டுவதுபோல் அதற்கும் மாட்டிவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் அது உண்மையாகப் பார்க்கத் தொடங்கியது.

பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? வானத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே நாள்கணக்கில் பார்க்கச் சொன்னார்கள். நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று சிலர் சொன்னார்களாம். கை நீட்டிப் பிடித்த மணல் பொடி மறைக்கும் அளவுதான் அந்த இடம். அதற்குள் ஆயிரக்கணக்கான விண்மீன் திரள்கள் இருந்தன. ஒவ்வொரு திரளிலும் கோடிகோடியாகச் சூரியன்கள். ஒன்றும் இல்லை என்று நாம் நினைத்த இருட்டு முழுவதும் நிறைந்திருந்தது. அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒரு வயதானவர் அதன் முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

தூரத்தைப் பார்ப்பதும் பழையதைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்றும் சொன்னேன். மாதா கோயில் திருவிழாவில் தூரத்தில் வேட்டுப் போட்டால் புகை முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும் இல்லையா, ஒளியும் அப்படித்தான், வந்து சேர நேரமாகும். மிகத் தூரத்துத் திரளிலிருந்து நாம் இன்று பார்ப்பது பூமி பிறப்பதற்கும் முன்பு கிளம்பிய ஒளி. அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதோடு அவை எல்லாம் விலகிக்கொண்டே போகின்றன. போகப் போக வேகம் குறையும் என்று நினைத்தார்கள். கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. இன்று தொலைநோக்கியில் தெரிகிற பல திரள்களிலிருந்து இனிமேல் கிளம்பும் ஒளி நம்மிடம் வந்து சேரவே சேராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நமக்கு இல்லாமல் போகின்றன. இதைச் சொல்லும்போது அன்று எனக்குப் பயம் எதுவும் இல்லை. ஒப்பித்தேன். இன்றிரவுதான் அது பயமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பின்னாலேயே மாமா. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளி. மாமா எப்போதும் வெற்றிலை போடுகிறவர்தான். ஆனால் மடியில் நாலு வெற்றிலை வைத்திருப்பாரே தவிர, வாழைநாரில் கட்டிய முழுக் கவுளியோடு நடக்கமாட்டார். அதை நான் யோசித்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் அவர் மகன் ஜெரால்டு அத்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். அவர் வலது காதோரம், காது தொடங்கும் இடத்தில், ஊசி குத்தினாற்போல ஒரு சின்னக் குழி உண்டு. அது அவர் அம்மாவின், என் அத்தையின், வீட்டு வழி. அத்தைக்குச் சொந்த ஊர் பெரியதாழை, அங்கே அவள் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள் என்று பலருக்கு அதே இடத்தில் அதே குழி. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் உனக்குப் புரியும்.

அத்தான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுல எது ரொம்பப் பழசு?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று வந்தவர்களில் யாரும் கேட்காத கேள்வி அது. மூலையில் மங்கலாகச் சிவந்திருந்த ஒரு புள்ளியைக் காட்டினேன். வருகிற வழியில் ஒளி இழுபட்டு இழுபட்டுச் சிவந்துவிடும், அதற்கும் மேல் இழுபட்டால் கண்ணுக்கே தெரியாத வெப்பமாகிவிடும், அதைப் பார்க்கத்தான் நான் மாதிரி செய்திருக்கும் இந்தப் புதிய தொலைநோக்கியை அனுப்பினார்கள் என்றேன். தன் சூடே தன் கண்ணை மறைக்கும் என்பதால் அது எப்போதும் சூரியனுக்கு முதுகைக் காட்டி, நிழலில், கடுங்குளிரில் நிற்கிறது. தூசி மேகங்களுக்குள் பிறக்கும் நட்சத்திரங்களையும் அதனால் பார்க்க முடிகிறது. ஆதியில், இன்னும் ஒன்றும் பெரிதாக உருவாகியிருக்காது என்று எண்ணிய காலத்தில், எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான திரள்கள் நிற்பதை அது காட்டியது. எழுதி வைத்த கணக்கை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அத்தான் தலையாட்டினார். அவர் நல்லவர். அது என் பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

மாமா படத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தங்கூசி தப்புமா?

"ஏளா, இது தங்கூசியில தொங்குது. நெசத்துக்கு மேல நிக்குதே, அதுக்கு யாரு கயிறு புடிக்கா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"யாரும் புடிக்கல மாமா. சூரியனும் பூமியும் இழுக்குத இழுப்புல அதுவா நிக்கி."

"பழுதாச்சுன்னா?"

"பழச ஆள் போயிச் சரி பண்ணுனாங்க. இதுக்கு யாராலயும் போவ முடியாது. அவ்வளவு தூரம்."

"அப்பம் எறக்கி விட்டவன் கைய உதறிட்டுப் போயிட்டான்னு சொல்லு."

மறுபடியும் சிரிப்பு. எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. எனக்கு நாக்கு நீண்டுவிட்டது.

"கயிறு வேண்டாம் மாமா. கயிறு இருந்திருந்தா அது அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது."

எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். சும்மா இருக்கும் வாயா அது? "கேட்டீரா வே, ஒம்ம மருமவ கயிறு வேண்டாங்கா. அதுவும் மாப்பிள்ளைய முன்னால நிறுத்தி வச்சுக்கிட்டே சொல்லுதா" என்றார்.

வகுப்பறை முழுதும் அதிர்ந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அத்தான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மாமா சிரிக்கவில்லை. கையிலிருந்த வெற்றிலைக் கவுளியை என் மேசை ஓரத்தில், ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. இந்தக் கரையில் கயிறு என்றால் இரண்டு. ஒன்று குளிப்பவன் இடுப்பில், இன்னொன்று பெண்ணின் கழுத்தில். கண்காட்சி முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று என்னை அத்தானுக்குக் கேட்கத்தான் மாமா வந்திருக்கிறார். அதற்குத்தான் வெள்ளைச் சட்டை, அதற்குத்தான் கவுளி. நான் தொலைநோக்கியைப் பற்றிச் சொன்னதை அவர் தனக்கான பதிலாகக் கேட்டுவிட்டார், அதுவும் ஊரார் முன்னால். உன் மகன் கட்டும் கயிறு வேண்டாம் என்றது ஒன்று. அதைவிடக் கொடியது, நீ பிடிக்கும் கயிறு தேவையில்லை என்றது. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் அவர் செய்திருக்கிறார்.

அப்பா அவரை வழியில் மறித்துச் சமாதானம் பேசப் போனார். "சின்னப் பிள்ள, வாத்தியார் சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சிருக்கா. அவ படிக்கட்டும் மச்சான், மத்தத பொறவு பாப்போம்" என்றாராம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது இரண்டாவது முறை மறுத்ததாகிவிட்டது. "சரி மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா போயிருக்கிறார். அன்று முதல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் கலங்கல், வள்ளங்கள் போகவில்லை. மாமா எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. இன்று காற்று அடங்கியது. கயிறு வந்தது. வெற்றிலைக் கவுளி எங்கள் அடுக்களையில் ஈரத்துணிக்குள் இருக்கிறது. அம்மா அதைத் தூக்கிப் போடவும் இல்லை, ஒரு வெற்றிலை கிள்ளவும் இல்லை. தினமும் தண்ணீர் தெளிக்கிறாள். ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது பிடிவாதம் பிடித்து ஒருமுறை வள்ளத்தில் போனேன். முயல் தீவைத் தாண்டியதும் அப்பா இறங்கினார். மாமா ஓரத்தில் உட்கார்ந்து, கயிற்றைச் சுட்டுவிரல் மேல் தளர்வாகப் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர். நான் ஏதேதோ கேட்டேன், அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெற்றிலையைக்கூட மெல்லாமல் வாயில் அடக்கி வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. திடீரென்று அவர் விரல் லேசாக அசைந்தது. அலையா, கயிறா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்துவிட்டார், இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கினார். கீழே குழாய் பாறையில் மடங்கி அப்பாவுக்கு மூச்சு நின்றிருக்கிறது. அப்பா மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். மாமாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அப்பா இருமி முடிக்கும்வரை மாமா காத்திருந்து, "என் தங்கச்சிக்கு இன்னும் கறுப்புச் சேல எடுக்கல மாப்ள, அவசரப்படாத" என்றார். எங்கள் பக்கம் விதவைதான் கறுப்புச் சேலை உடுத்துவாள். இருவரும் சிரித்தார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால், அவர் வேண்டுமென்றே எதுவும் செய்வார் என்று நான் பயப்படவில்லை. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒன்றுமில்லாத இடத்தை இமைக்காமல் பார்க்க, மனதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்கு அவரே வந்து கயிறு பிடித்தாலும், அந்த வெறும் தண்ணீரில் அவருக்கு அண்ணாச்சியின் சிரிப்புத் தெரியும். அத்தான் குனிந்த முதுகு தெரியும். கயிறு வேண்டாம் என்று நான் சொன்னது காதில் கேட்கும். விரல் அசையும் அந்த நொடியில் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால்? எங்கள் தெருவில் சங்கு குளித்த ஒருவர் கம்பு ஊன்றி நடக்கிறார், ஒரு காலில் உணர்வே இல்லை. மேலே கயிறு பிடித்தவன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தானாம், தாமதத்தில் பதறி, ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியவரை ஒரே மூச்சாகத் தூக்கிவிட்டான். அவனும் கெட்டவன் இல்லை. இப்போதும் அவர் வீட்டுக்கு அவன்தான் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறான்.

இரவு சோறு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏளா, விடியுமுன்ன நீ கயித்த எடுத்துட்டுப் போயி மாமா கையில குடுத்துட்டு வா. ஒண்ணும் பேசாண்டாம்."

"குடுத்தா என்னம்மா அர்த்தம்?"

"குடுத்தா குடுத்ததுதான்."

"காலேஜு?"

"அப்பா மூச்சுக்கு மேலயா காலேஜு?" என்றாள். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவளைக் குற்றம் சொல்லாதே மகனே. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன், நடுவில் நான் என்று அவள் ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்று பள்ளியில் இயற்பியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தொலைநோக்கிக்குக் கயிறு இல்லன்னு சொன்னியாமே, அது சரியில்ல" என்றார். அது தானாக நிற்பதில்லையாம். சும்மா விட்டால் மெல்ல மெல்ல நழுவிப் போய்விடுமாம். சில வாரங்களுக்கு ஒருமுறை பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, இம்மியளவு தள்ளிச் சரிசெய்கிறார்கள். அதன் குரலைக் கேட்க, பூமியில் மூன்று இடங்களில் பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனாக்கள் வைத்திருக்கிறார்கள். பூமி சுழலும்போது ஒன்று மறைந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும், அது மறைந்தால் அதற்கு அடுத்தது. போகிற வழியில் குறுங்கற்கள் வந்து அந்தத் தங்கக் கண்ணாடியில் மோதுகின்றன. எங்கே அடிபட்டது, எவ்வளவு அடிபட்டது என்று யாரோ ஒருவர் இங்கே உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருக்கிறார். அந்த ஆதி ஒளி, அந்தச் சிவந்த புள்ளி, திரும்பப் போட வேண்டியிருக்கும் கணக்குகள், எல்லாம் நமக்கு வந்து சேர்ந்தது அந்தக் கயிற்றின் வழியாகத்தான். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தங்கூசி மாதிரி. அன்று அங்கே இருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டது மாமா. தவறான பதிலைச் சொன்னது நான்.

அந்தப் பாடத்தைத்தான் உனக்குப் புத்திமதியாகச் சொல்கிறேன். யாருக்காவது நீ கயிறு பிடித்தால், பிடித்த கைக்குப் பதிலாக எதையும் கேட்காதே. பெண்ணைக் கேட்காதே, நன்றியைக்கூடக் கேட்காதே. கேட்டுவிட்டால் அதன் பிறகு உன்னால் தண்ணீரை மட்டும் பார்க்க முடியாது. உனக்கு யாராவது கயிறு பிடித்தால், நான் தனியாகத்தான் நிற்கிறேன் என்று ஊரார் முன்னால் சொல்லாதே. மாமா முதலாவதில் தவறிவிட்டார். நான் இரண்டாவதில். உன்னை மகன் என்று ஏன் நினைத்துக்கொண்டேன் என்றால், இந்தக் கரையில் கயிறு பிடிக்க மகனைத்தான் கூப்பிடுவார்கள். உனக்குத் தங்கை பிறந்திருந்தால் இதை அவளுக்கும் படித்துக் காட்டு. கயிற்றின் எந்த முனையைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வாங்கச் சொல்.

அப்பா புரண்டு படுக்கிறார். அவருக்கு மூட்டெல்லாம் வலி, ஆனாலும் தண்ணீர் தெளிந்த நாளில் அவரைக் கரையில் நிறுத்த முடியாது. அம்மா தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கும்போது அவள் மூச்சு இப்படி இருக்காது. சன்னல் வழியே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடிக்கும். மணி அடித்ததும் நான் எழுந்து, கதவிலிருந்து கயிற்றை எடுத்து, மாமா வீட்டுக்குப் போகப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். அப்பாவை முன்பின் தெரியாத ஒருவன் கையில் விட என்னால் முடியாது.

ஆனால் அம்மா சொன்னதுபோல் பேசாமல் கொடுக்கமாட்டேன். நான் சொன்னது தவறு என்று சொல்வேன். "அது கயிறில்லாம நிக்கல மாமா. கயிறு உண்டு" என்று சொல்வேன். உண்மை அதுதான், அதைவிடச் சிறந்த மன்னிப்பு எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டால் அவர் மனம் ஆறும், நாளைக்கு அவருக்குத் தண்ணீரில் தண்ணீர் மட்டும் தெரியும். என் பயம் எல்லாம் அந்த வார்த்தையைப் பற்றித்தான். கயிறு வேண்டாம் என்றதை இரண்டு கயிறும் வேண்டாம் என்று கேட்டவர், கயிறு உண்டு என்றால் எதைக் கேட்பார்? ஒரு பெண் விடியுமுன் வந்து, தன் கையால் கயிற்றை நீட்டி, கயிறு உண்டு என்கிறாள். அத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தானும் அங்கேதான் இருப்பார்.

"எந்தக் கயிறு?" என்று மாமா ஒரு வார்த்தை கேட்டால் போதும். "கடல் கயிறு மாமா. அது மட்டுந்தான். நான் படிக்கணும்" என்று சொல்லிவிடுவேன். போர்வைக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், குரல் நடுங்காமல் வருகிறது. மனிதர் நியாயம் தெரிந்தவர். கேட்டுவிட்டுப் பதிலையும் வாங்கிக்கொண்டால், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வள்ளத்துக்குப் போய்விடுவார் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அவர் கேட்காமல் கயிற்றை வாங்கிக்கொண்டு சிரித்தால், அன்றைக்கே அப்பா கடலில் இறங்க வேண்டியிருக்கும்போது, நான் தாலிக் கயிற்றைச் சொல்லவில்லை என்று சொல்லி அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கமாட்டேன். என்னால் முடியாது. அதையும் இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டது. நான் போகிறேன்.

மாமா கேட்டாரா, கேட்கவில்லையா என்பது எனக்கு இனிமேல்தான். உனக்கு அது எப்போதோ நடந்து முடிந்தது. யாரிடமும் விசாரிக்க வேண்டாம் மகனே. கண்ணாடி முன்னால் போய் நில். வலது காதோரம், அந்த ஊசிக்குழி உண்டா என்று பார்.